தண்ணீரில் போகாத நங்கூரம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தண்ணீரில் போகவில்லை. நைனா உன்னிடம் போனில் சொன்னது பொய். நம் படகின் நங்கூரத்தை உலைக்கு அனுப்பியவள் நான். கவனமில்லாமல் தொலைத்துவிட்டார் என்று அவரைத் திட்டினாயாமே. அதனால்தான் எழுதுகிறேன்.

அதன் கொக்கி ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. பொன்னேரி வெல்டிங் கடைக்காரர், “இன்னா பெருசு, இது இரும்பா கட்டையா? பத்த வெச்சா பொங்குது” என்று சிரித்தாராம். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி லேபில் மகள் இருக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்று நைனா அதைத் தோளில் சுமந்து ரயிலேறி வந்துவிட்டார்.

கம்பெனி கேட்டில் மேனேஜருடன் நின்றிருந்தேன். நைனாவின் லுங்கி ஈரம். மீன் வாடை. செக்யூரிட்டி சரவணகுமார், “மேடம், உங்களத் தெரியும்னு சொல்லிக்கினு நிக்கிறாரு” என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். பழைய இரும்பு விற்க வந்தவர் போலிருக்கிறது, எடை போட அனுப்புங்கள் என்றேன்.

நைனா ஒரு நொடி பார்த்தார். “ஆமா சார், பழைய துண்டுதான். வெச்சிக்கினு இன்னா பண்றது” என்று இறக்கி வைத்தார். தோளில் ஒட்டிய துருவைத் தட்டிக்கொண்டே போனார். மேனேஜர் நகர்ந்ததும் நான் அதை எடுத்து வைத்திருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே.

மறுநாள் அதன் கொக்கி சோதனைக்காக என் மேசைக்கே வந்தது. பாதி அறுத்து வளைத்தேன். எஃகு பளிச்சென்று முறியும். இது பிளந்த கரும்புபோல் நார்நாராகக் கிழிந்தது. தேனிரும்பு. கல்லூரியில் அரைப் பக்கம் படித்தது. கரியுலையில் இளக்கி, சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிழிந்து, மடித்து, மறுபடி அடிப்பார்கள். போகாத கசடு இழையாக உள்ளே தங்கும். உப்புத் தண்ணீரைத் தாங்குவதும் சட்டென்று ஒடியாததும் அதனால்தான். கப்பல் சங்கிலி, ரயில் பாலம் எல்லாம் ஒரு காலத்தில் இதில்தான். இப்போது யாரும் காய்ச்சுவதில்லை.

அதற்கு வெல்டிங் வேண்டாம். கொல்லன் உலையில் பழுக்கவைத்து அடித்தால் ஒட்டிக்கொள்ளும். நைனா கேட்க வந்தது இவ்வளவுதான். எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

பழைய இரும்பு கொட்டும் யார்டுக்கு ஓடினேன். மீதி முதல் ஷிப்டிலேயே உருகிவிட்டது. புயலன்று முகத்துவாரத்தில் உன்னையும் நைனாவையும் பிடித்து நிறுத்தியது அது. இந்நேரம் யார் வீட்டுத் தூணிலோ கம்பி.

நைனா இப்போது மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்கிறார்.

அவருக்குப் போன் செய். என்னைப் பற்றிப் பேச வேண்டாம். மஸ்கட்டில் உன்னைத் தேடி யாராவது எந்தக் கோலத்தில் வந்தாலும், யாரென்று சொல்லிவிடு அண்ணா.

உன் தங்கை,
சத்யா

பி.கு. இதை எழுதிவிட்டுக் கேட்டுக்குப் போனேன். பதிவேட்டில் அன்றைய வரியில் ‘ஸ்கிராப் பார்ட்டி’ என்றிருந்தது. அதை அடித்து, ‘தேசப்பன், சத்யாவின் அப்பா’ என்று எழுதினேன். “அன்னிக்கே சொல்லக்கூடாதா மேடம், ஒரு டீயாவது வாங்கிக் குட்த்திருப்பேனே” என்றார் சரவணகுமார். மேனேஜர் வரும்வரை அங்கேயே நின்றேன்.