மீன் பெயர் வைத்த சர்வர்கள்

இன்று காலை கணினித் திரையில் கெண்டை, கெளுத்தி, விரால் என்று வரிசையாக வந்து நின்றன. அஸ்தம்பட்டி ஆபீஸில் நம் சர்வர்களுக்கு நீங்கள் வைத்த பெயர்கள். இன்டர்நெட் கம்பெனியை மீன் மார்க்கெட் ஆக்கிய ஆள் நீங்கள் ஒருவர்தான். "ஒண்ணு, ரெண்டுன்னு வெச்சா அதுக்கு ஒரு மொகம் வேண்டாமுங்களா?" என்பீர்கள். அணை மீனுக்குப் பேர்போன ஜேடர்பாளையத்துக்காரருக்கு வேறு எந்த முகம் ஞாபகம் வரும்!

இந்த வாரம், பெயர்ப் பதிவுகள் இருந்த பழைய மெஷினை மாற்றினார்கள். பெயரைச் சொன்னால் சர்வரின் இணைய எண்ணைக் காட்டும் பதிவுகள் பத்திரமாக வந்துவிட்டன. எண்ணைச் சொன்னால் பெயரைக் காட்டுபவைதான் வரவில்லை.

முன்பு ஒருமுறையும் இப்படித்தான் ஆனது. எண்ணுக்குப் பெயர் தெரியாவிட்டால் வெளியூர் சர்வர்கள் பல நம் மெயிலை வாங்குவதில்லை. நம் கஸ்டமர், போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் போனில் கத்தினார்: "ஏனுங்க, எங்க மெயிலெல்லாம் போன வேகத்துல திரும்பி வருதுங்க!" நான் பதறினேன். நீங்கள் டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இருக்கறதை எடுத்துத் திருப்பிப் போட்டாப் போச்சுங்க" என்றீர்கள். பெயர்-எண் பட்டியலை எண்-பெயராகத் திருப்பி மதியத்துக்குள் முடித்தோம். ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் வந்த இடத்தில் மட்டும் தயங்கினேன். "எந்தப் பேரைச் சொன்னாத் திரும்பிப் பாக்குமோ, அதை வெய்ங்க" என்று சிரித்தீர்கள்.

கிளம்பும்போது வழக்கம்போலக் கூப்பிட்டீர்கள். "ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாங்க. அணை மீனு வறுத்துப் போடறேன்." "வாரேனுங்க" என்றேன். வாராவாரம் அப்படித்தான் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு வேலை வந்தது. கடைசியில் நான் வந்தது, நெஞ்சுவலியில் நீங்கள் போன அன்றைக்குத்தான்.

வாசலில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. பெயரைச் சொன்னேன், உங்கள் மனைவி விழித்தார். அஸ்தம்பட்டி ஆபீஸ் என்றதும் அவர் முகம் மாறியது.

"அயிரைங்களா?" என்றார். "கையில சிக்கவே மாட்டாருன்னு உங்களுக்கு அந்தப் பேரு வெச்சாருங்க. இந்த வாரம் அயிரை வந்துருவாருன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் மீனு சேத்தித்தான் வாங்கியாருவாருங்க."



உங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கிறது. அடுப்படி வரைக்கும் அது புழங்கியிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால், உங்கள் வாயாலேயே கேட்டிருப்பேன். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இன்று நீங்கள் சொன்னபடியே எடுத்துத் திருப்பிப் போட்டேன். எல்லா எண்ணுக்கும் பெயர் கிடைத்தது, புதிதாக வாங்கிய சர்வருக்கு மட்டும் இல்லை. அதற்குப் பெயர் வைக்க நீங்கள் இல்லையே. நானே ஒன்றை வைத்தேன். பதிந்து முடித்து, சரியாக இருக்கிறதா என்று அதன் எண்ணைக் கொடுத்துக் கேட்டேன்.

அயிரை என்றது திரை. நான் திரும்பிப் பார்த்தேன்.