நாலு நிமிஷம் ஓடி நிற்கும் ரம்பம்

அக்டோபர் 21, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பாப்பாவுடையது மட்டும் அடுப்பங்கரைக் கொடியில்.

நேற்று விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து இவர் மெஷின் ரம்பத்தை முதல் முறையாக ஸ்டார்ட் செய்தார். ஏழாவது இழுப்பில் பிடித்தது. புகை, சத்தம், பாப்பா அலறல். நாலு நிமிஷம் ஓடியது. அப்புறம் இருமி இருமி நின்றுவிட்டது. அரை மணி கழித்து மறுபடி இழுத்தார். மறுபடி நாலே நிமிஷம்.

மெட்ராஸில் மரவாடியை மூடிய ஒருவரிடம் வாங்கிய பழைய ஜெர்மன் மெஷின். வந்தபோது பாதி சாமான் இல்லை. இரண்டு மாதமாகத் தேடியது:

இழுக்கிற கயிறு — மரக்காணத்தில், வலை விற்கிற கடையில். நைலான்.
பிளக் — மொபெட் பிளக்கே பொருந்திவிட்டது.
ஏர் பில்டர் — எங்கும் இல்லை. விழுப்புரம் மெக்கானிக் தேவராஜ் ஸ்பாஞ்ச் வெட்டி வைத்தார்.
செயின் — மெட்ராஸுக்கு மூன்று கடிதம். பூஜைக்கு முதல் நாள்தான் பார்சல் வந்தது.
செயினுக்கு விடுகிற எண்ணெய் — புத்தகத்தில் என்னமோ பேர். இங்கே மல்லாட்டை எண்ணெய்தான், கடலை எண்ணெய்.

கடிதமெல்லாம் நான் எழுதியது. மெஷினோடு வந்த புத்தகம் இங்கிலீஷ், அதையும் நான்தான் படித்துச் சொல்கிறேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அப்பாவுக்குத் தெரிந்தால் சிரிப்பார், அல்லது சிரிக்க மாட்டார்.

புத்தகத்தில் ஒரு படம். ரம்பம் துள்ளி ஆளின் முகத்துக்கு வருகிற மாதிரி. அந்தப் பக்கத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். சரி சரி என்றார். அந்தப் பயத்தில்தான் ஆயுத பூஜையன்று நானே சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, மெஷினுக்கு ஒன்பது இடத்தில் பொட்டு வைத்தேன். கைப்பிடி, டேங்க், மூடி, பிளேடு, ஒன்றையும் விடவில்லை.

பிரம்மதேசம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பை வெட்டித் தர இவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெருமழை பிடித்தால் லாரி உள்ளே இறங்காது, அதற்குள் ஆரம்பிக்க வேண்டும். இவர் கணக்கு: 31க்குள் மெஷின் ஓடினால் தோப்பு. ஓடாவிட்டால் பாஸ்போர்ட்டை விழுப்புரம் ஏஜெண்டிடம் கொடுப்பது. துபாய். மூன்று வருஷம். பாப்பாவுக்கு இப்போது எட்டு மாதம்.

ஓட வேண்டும். ஓடினால் இவர் அதைக் கையில் பிடிக்க வேண்டும். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

அக்டோபர் 23, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. அரிசி களைந்து வைத்துவிட்டு உலை வைக்க மறந்து போனேன்.

மரம் வெட்டுகிற கன்னியப்பன் வந்தார், மெஷினைப் பார்க்க. இவர் நாற்பது தடவை இழுத்திருப்பார். ஓடும், நிற்கும். கன்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே பார்த்தார்.

"எங்க கோடாலி மக்கர் பண்ணா கையில எச்சி துப்பிக்கினு ஓங்கிப் போடுவோம். இதுக்கு எங்கப்பா துப்பணும்?"

இவரும் சிரித்தார். உள்ளே வந்து தண்ணீர் குடித்தபோது முகம் சிரிப்பில் இல்லை.

பாப்பாவுக்கு மூக்கு ஒழுகல். நாளைக்கு விழுப்புரம் பஸ்ஸில் எப்படிக் கூட்டிப் போவது. விட்டுப் போகவும் ஆளில்லை.

அக்டோபர் 24, திங்கள்

விழுப்புரம் போய் வந்தேன். இவர் தோப்புக்காரரிடம் தவணை கேட்கப் போனதால் நான். பாப்பா மயிலத்துக்கு முன்னாலேயே பால் கக்கினாள். பக்கத்து சீட் அம்மாள் புடவைமேல். அவர் தன் முந்தானையாலேயே துடைத்துக்கொண்டார். அதுவே கூச்சமாக இருந்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூன்று. முதல் கடைக்காரர் நான் வாயைத் திறக்குமுன், லேடீஸ் ஐட்டம் எதிர்க்கடையில் என்று கை காட்டினார். இரண்டாவது கடையில் புத்தகத்துப் படத்தைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆம்பளை இல்லையா என்று கேட்டார். மூன்றாவது, மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது.

தேவராஜ் ஒருவர்தான் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பம்பு செட்டும் மொபெட்டும் ரிப்பேர் பார்ப்பவர். நான் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"நின்னு நின்னு போவுதுன்னா டயாப்ரம்தான் தங்கச்சி. கார்பரேட்டர் உள்ள தோல் கணக்கா மெலிசா ஒண்ணு இருக்கும். பெட்ரோலை இழுத்து வுடறதே அதான். வெறைச்சிப் போயிருக்கும்."

கிடைக்குமா என்றேன். மெட்ராஸில் எழுதிப் போட்டால் ஒரு மாதம் ஆகும், அதுவும் இருந்தால்தான் என்றார். தன்னிடம் இருந்த பெட்ரோல் தாங்குகிற ரப்பர் ஷீட்டில் படத்தை வைத்து அளந்து, பிளேடால் வெட்டிக் கொடுத்தார். அரை மணி வேலை. பாப்பா அவருடைய ஸ்பேனரை வாயில் வைத்துக்கொண்டாள். பிடுங்கிக் கழுவி... எவ்வளவு கிரீஸ் உள்ளே போயிற்றோ.

திரும்பும்போது மழை. டயாப்ரம் நனையக்கூடாது என்று ரவிக்கைக்குள்.

அக்டோபர் 26, புதன்

பாப்பாவுக்கு வயிற்றுக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் பார்த்தாயிற்று.

டயாப்ரம் மாட்டியாயிற்று. கச்சிதமாகப் பொருந்தியது. ஓடியது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நாலு நிமிஷம்.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்தார். பாதிக்கு மேல் இருந்தது. மூடியை மாட்டி மறுபடி இழுத்தார், உடனே பிடித்தது. நாலு நிமிஷம். இப்படி ஐந்து தடவை. தோள்பட்டை வீங்கிவிட்டது. தைலம் தேய்த்தேன்.

சட்டையை மடிக்கும்போது பாக்கெட்டில் போட்டோ கவர். பாஸ்போர்ட் சைஸ், ஆறு காப்பி. சொல்லவே இல்லை. கல்யாண போட்டோவில்கூட இவ்வளவு நன்றாக இல்லை.

"நான் ஒண்ணும் ஆசைப்பட்டு போவல கமலா."

"ஆசைப்பட்டுத்தான் எடுத்திருக்கீங்க. தலை வாரிக்கினு, பவுடர் போட்டுக்கினு."

அப்புறம் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தில் உப்பில்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை. நானே சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

அக்டோபர் 28, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இவர் காலையில் விழுப்புரம். தேவராஜைப் பார்க்க என்றார்.

பதினோரு மணி. பாப்பாவுக்குப் பால் பாட்டில். பாதி குடித்துவிட்டுக் கத்தல். பார்த்தால் ரப்பர் சப்பையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூடியை அவசரத்தில் இறுக்கிவிட்டேன் போல. தினமும் நடப்பதுதான். லேசாகத் தளர்த்தினேன், புஸ் என்று காற்று உள்ளே போயிற்று. மறுபடி குடிக்க ஆரம்பித்தாள்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பால் வராது. பெட்ரோலும் வராது. மூடியைத் திறந்து மூடினால் உடனே ஓடுகிறதே!

பாப்பாவைத் தூளியில் போட்டுவிட்டு ஓடினேன். பெட்ரோல் டேங்க் மூடி. நட்டநடுவில் நான் வைத்த பொட்டு, காய்ந்து கல்லாக. வளையலில் இருந்த ஊக்கால் சுரண்டினேன். அடியில் ஒரு ஓட்டை. குண்டூசித் தலை அளவு. அடைத்ததே நான்தான்.

தோள் வீங்கியது என்னால். பஸ்ஸில் பாப்பா கக்கியது என்னால். பாஸ்போர்ட்...

இவர் வரும்வரை காத்திருந்திருக்கலாம். முடியவில்லை. புத்தகத்தில் இருந்தபடி மெஷினைத் தரையில் வைத்து, கைப்பிடியில் காலை அழுத்தி இழுத்தேன். முதல் இரண்டு இழுப்பில் கயிறு பாதிகூட வரவில்லை. ஆறாவதில் பிடித்தது. நான் விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஐந்து நிமிஷம். எட்டு. பன்னிரண்டில் நானே நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் இரண்டு தலை மதிலுக்கு மேல்.

நாலு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார். தேவராஜைப் பார்க்கவில்லையாம். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம்.

"31ன்னு சொன்னீங்க."

"மூணு நாள்ல என்ன ஆயிடப் போவுது. இன்னிக்கே குடுத்தா மொத லிஸ்ட்ல போடறேன்னாரு."

பாப்பாவை அவர் மடியில் வைத்தேன். மெஷினில் காலை வைத்து இழுத்தேன். மூன்றாவதில் ஓடியது. ஏய் ஏய் என்று எழுந்தவர் அப்படியே நின்றார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். நாலு தாண்டியதும் பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்தில்தான் அணைத்தார்.

சொன்னேன். பொட்டு, ஓட்டை, ஊக்கு, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒம்பது பொட்டு வெச்ச. பத்தாவதா எனக்கு ஒண்ணு வெச்சிருந்தா நானும் போவாம நின்னிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டே விட்டேன், பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வருவீர்களா என்று. பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்.

அக்டோபர் 29, சனி

முதல் பஸ்ஸில் போனார். மழை விட்டிருக்கிறது.

ஏஜெண்ட் ஊரில் இல்லாமல் இருக்கலாம். மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கலாம். தரமாட்டேன் என்று சொல்லலாம். இவரே கேட்காமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரலாம். இந்தக் கடைசி ஒன்றைத்தான் காலை முழுக்க மென்றுகொண்டிருந்தேன். பாப்பா நெற்றியை நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

இரண்டு மணிக்கு வந்தார். ஏஜெண்ட் கத்தினாராம், ஒரு சீட்டு வீணாப் போச்சு என்று. பாஸ்போர்ட் கையில். வைக்க இடமில்லாத மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தா, நீயே வெச்சிக்கோ. எனக்குத் தெரியாத எடத்துல வை."

ஏன் என்றேன்.

"திங்கக்கிழமை வெட்டு. நல்லாப் போச்சுன்னா சரி. இல்லன்னா கை அதைத் தேடாம சும்மா இருக்காது கமலா."

சாப்பிட்டுவிட்டு செயினுக்கு அரம் போட உட்கார்ந்துவிட்டார்.

வைத்துவிட்டேன். எங்கே என்று இதில் எழுதப் போவதில்லை. இவர் இதையெல்லாம் எடுத்துப் படிக்கிறவர் இல்லை. இருந்தாலும்.