அர்த்தம் கேட்ட அம்மாள்

1954, ஆடி 15. இரவு.

இன்று கீரமங்கலத்திலிருந்து ஒரு விவசாயியும் மனைவியும் வந்திருந்தார்கள். காய்ச்சலில் போன மகனுக்கு முதல் வருஷத் திதி. குளக்கரையில் செய்து வைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மாள் கேட்டாள்.

"சாமி, மந்திரத்துல எம் மவனப் பத்தி என்ன சொன்னீங்க?"

முப்பது வருஷமாக வேதம் ஓதுகிறேன். ஸ்வரம் பிசகாமல் ஓதத்தான் அப்பா சொல்லிக்கொடுத்தார். அர்த்தம் கேட்டால், "அது ரகசியம்டா, ஓத ஓதத் தானே தெறக்கும்" என்பார். எனக்கு இன்றுவரை எதுவும் திறக்கவில்லை.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒங்க மகன் வெளிச்சத்துல இருக்கான்னு சொல்லுதும்மா" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க சாமி. மனசுல வச்சுக்கிறேன்."

பதற்றத்தில், "தெய்வத்தோட காலடியில இருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

"மொதல்ல வெளிச்சத்துலன்னீங்களே?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிட்ட கைகள் மெல்ல இறங்கின. "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கணவர் அவளை எழுப்பி அழைத்துப் போனார்.

தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். நாளை காலை இரண்டு திதிகள் இருக்கின்றன. அதே மந்திரம்தான்.