சந்தேகம் வந்தால் சிவப்பு

மார்ச் 4
ட்ரோன் எடுத்த படங்களில் மனிதர்களைத் தேடிக் கட்டம் போடுவதுதான் எங்கள் வேலை. அதைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்ளும். வெறுங்கை என்றால் பச்சை. கையில் நீளமாக ஏதாவது இருந்தால் சிவப்பு. வெள்ள மீட்புக்கு என்றார்கள். துடுப்போ கழியோ வைத்திருப்பவன் தானே கரையேறிவிடுவானாம், மற்றவர்களை முதலில் தூக்கலாமாம். படத்தைப் பெரிதாக்கினால் கணினி படுத்துவிடுகிறது. அதனால் எங்கள் மேற்பார்வையாளர், நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்', ஒரு வழி சொல்லிவைத்திருக்கிறார்: "சந்தேகமா இருந்தா சிவப்பு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க." நானும் போய்க்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 9
எல்லையில் சண்டை மும்முரம். ராணுவத்தில் இருக்கும் தம்பி அங்கேதான். போனே வரவில்லை.

மார்ச் 11
டிவி செய்தியில் சண்டைக் காட்சி. வரிசையாகச் சிலர் நடக்கிறார்கள், ஒவ்வொருவரைச் சுற்றியும் சிவப்புக் கட்டம். எங்கள் கட்டம்! மூலையில் நாங்கள் போடும் கட்டத்தில் வரும் அதே சின்ன எண். அப்புறம் வெறும் புகை. செத்தவர்கள் தண்ணீர்க் குழாய் தூக்கிப் போனவர்களாம்.
ஐயோ, வெள்ளம்னுதானே சொன்னாங்க! குழாய் மாதிரி எத்தனைக்கு நான் சிவப்பு போட்டேன்?

மார்ச் 12
அவசரத்திடம் நேராகவே கேட்டேன். குரலைத் தாழ்த்தினார். "சுடுறதா வேணாமான்னு அங்க ஒரு ஆபீசர்தாம்மா முடிவு பண்றாரு. நாம கட்டம்தானே போடறோம்."
அந்த ஆபீசர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? சிவப்பைத்தானே? இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

மார்ச் 13
கணினி படுத்தாலும் விடாமல் எல்லாப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். குடை. மண்வெட்டி. மறுபடி குடை. எல்லாம் பச்சை. அவசரம் கத்தினார் — கத்தட்டும். நாளைக்கு ராஜினாமா.

மார்ச் 14
தம்பி பேசினான். உயிரோடு இருக்கிறான்!
"புதர்ல ரெண்டு பேர் துப்பாக்கியோட பதுங்கியிருந்தாங்கக்கா. எங்க கண்ணுக்குத் தெரியவே இல்ல. மேலேர்ந்து ட்ரோன்தான் சிவப்பு காட்டிச்சு. இல்லன்னா இப்ப நான் உன்கூட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."
அழுதுவிட்டேன். குழாய் விஷயத்தை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ராஜினாமாவும் கொடுக்கவில்லை.

மார்ச் 18
வயல்வெளிப் படம். ஒருவன் தோளில் நீளமாக ஏதோ. பெரிதாக்கினேன். மண்வெட்டி மாதிரித்தான் தெரிந்தது. மாதிரிதான் — நிச்சயமா? தம்பி முகம் கண்முன்னால் வந்து நின்றது. சிவப்பு போட்டேன்.
அவன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நடந்தது. அதற்குப் பச்சை போட்டேன்.