கடைசிப் பாட்டை மறைத்த மட்டை

ரீச்சர்,

இன்றைக்குப் பின்னேரம் எங்கள் விறாந்தையில் இருந்தவர்கள்: நான், வசந்தி, கமலினி. நாலாவது கதிரை உங்களுடையது. பிள்ளைகள் புத்தகப் பையைக்கூட அதில் வைக்கவில்லை.

உங்கள் கவிதைப் புத்தகத்தை வசந்தி விரித்தபோது அந்தக் கலண்டர் மட்டை மடியில் விழுந்தது. முருகன் படம் போட்டது. கவிதையின் கடைசிப் பாட்டை அதனால் மறைத்துவிட்டு, "இனி என்ன வரும்? சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்பீர்களே, அதே மட்டை. நான் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கமலினி சிரித்தாள்.

"அன்ரி, உங்களுக்கு அவர் முருகன். எங்களுக்குச் சோதினைப் பயம்."

உங்களை மாசியில் சுடலைக்குக் கொண்டுபோனபின் ஆங்கில இலக்கியம் எடுக்கிற பிள்ளைகளுக்குப் புத்தூரில் ஆளில்லை. இதே விறாந்தையில் நீங்கள் நடத்தின வகுப்பை அரிசி புடைத்தபடி கேட்டும், அகராதியோடு மல்லுக்கட்டியும் நான் பிடித்த ஆங்கிலத்தை நம்பி வருகிறார்கள். வீட்டுக் கணக்குப் பிழைத்தால் திரும்பக் கூட்டிப் பார்க்கலாம். நான் பிழையாய்ச் சொல்லிக்கொடுத்துச் சோதினையில் பிழைத்தால் என்ன செய்வது? இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இன்றைக்கு எடுத்தது, கடலுக்குப் போனவனுக்காக ஒரு பெண் யன்னலில் விளக்கு வைக்கிற கவிதை. முதல்முதல் அதை நீங்கள் படிப்பித்தபோது நான் சுளகோடு எட்டிப் பார்த்து, "கடைசியிலை அவன் வந்திடுவான்" என்றேன். பதிகம் படித்த பழக்கம். கடைசிப் பாட்டில் பலன் சொல்லித்தானே முடிப்பார்கள்! நீங்கள் மட்டையை எடுத்துக் காட்டினீர்கள். காற்று வருகிறது, கதவு ஆடுகிறது, அவ்வளவுதான்.

"உமக்கு எல்லாம் பதிகம். வந்தான் எண்டு எந்த வரியிலை கிடக்கு? காட்டும்."

நான் சுளகைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

இனிச் சொல்லப்போவது நீங்கள் போனபின் நடந்தது. வசந்தியின் தகப்பன் கொழும்புக்குப் போகவென்று சண்டையால் தரைப்பாதை பூட்டியிருக்க, கிளாலிக் கடலைக் கடக்க வள்ளம் ஏறினவர். வைகாசியிலிருந்து ஒரு சேதியும் இல்லை. அவள் இன்றைக்கு எழுதிக் கொண்டுவந்த விடையில், கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே வருகிறான்.

"அடியே, காத்துக்கு ஆடின கதவு. நீ ஆளையே உள்ளை கூட்டிக்கொண்டு வந்திட்டாய்" என்றாள் கமலினி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த வரி?" என்று நான் கேட்க வேண்டும். கேட்டால், அப்பா வருவாரா என்று கேட்டது போலாகிவிடும். கேட்காமல் விட்டால் புள்ளி போய்விடும். கம்பஸுக்கு எடுபட்டுப் படிப்பது ஒன்றைத்தான் அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறது. முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கேட்டேன்.

அவள் கடைசிப் பாட்டின் மேல் விரலை வைத்து மெல்ல மெல்ல இறக்கினாள். முடிவில் நிமிர்ந்தாள்.

"இல்லை அன்ரி. ஆனா, அவன் வரேல்லை எண்டும் ஒரு வரி இல்லை."

விளக்கு, காற்று, கதவு, ஒவ்வொன்றுக்கும் வரியைக் காட்டி, அவள் சொன்னதையே எழுதச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வருவாள்.

அவர்கள் போனதிலிருந்து நான் முற்றத்துக்கும் குசினிக்குமாக நடக்கிறேன். விளக்கேற்றித் தேவாரம் படித்தாலும் "எந்த வரி?" என்று உங்கள் குரல்தான் குறுக்கே வருகிறது. அவள் சொன்னது எனக்குச் சரியென்றே படுகிறது. அதுதான் பயம். அன்றைக்குப் பலன் தேடினதும் எனக்குச் சரியென்றே பட்டது.

விடைத்தாள் திருத்தினவர் நீங்கள். அந்தப் பதிலுக்குப் புள்ளி போடுவார்களா? திங்கட்கிழமைக்கு முன்னம், கனவிலென்றாலும் வந்து, சுணங்காமல் பதில் சொல்லுங்கோ.