மஞ்சள் பந்தின் பின்னால் போன கண்

என்னங்க,

கோபத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டீர்கள், அதனால்தான் இந்தச் சீட்டு. சோறு மூடி வைத்திருக்கிறேன்.

"இந்தக் காலத்து மானிட்டருக்கு ஸ்கிரீன்சேவர் எதுக்கு? பழைய டப்பா மானிட்டர்லதான் ஒரே படம் ரொம்ப நேரம் நின்னா திரையில பதிஞ்சிடும்" என்று காலையில் கத்தினீர்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் நீங்கள், சொன்னால் சரிதான். ஆனால் நீங்கள் போனபின் திரையில் அந்த ஸ்கிரீன்சேவரின் மஞ்சள் பந்து மிதக்க ஆரம்பித்தது. மடியில் இருந்த பாப்பாவின் கண், ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாக, அதன் பின்னாலேயே போனது. ஓரம் வரை போய், பந்தோடு திரும்பியும் வந்தது.

நம்ம பிள்ளைக்குக் கண் தெரியுதுங்க.

டாக்டரிடம் சொல்லத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

பி.கு.: சாயங்காலத்துக்குள் தாடியை எடுத்துவிடுங்கள். அப்பா முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கப்போகிறாள்.