அழித்த தடம்

5 ஜூன் 2006, திங்கள்

கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக இயற்பியல் என்று பென்சிலில் எழுதி, பயந்துபோய் அழித்துவிட்டு, அப்பா சொன்ன கம்ப்யூட்டர் சயின்ஸைப் பேனாவால் எழுதியிருந்தேன். இன்று கையெழுத்துக்காக அப்பாவிடம் நீட்டினேன். தன் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் படிவங்களை நிரப்பியே பழகிய மனுஷன், தாளை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். தடம் தெரிந்துவிட்டது.

"பென்ஷன் பேப்பர்ல இப்படி அழிச்சி எழுதுனா பிரான்ஸ்லேர்ந்து திருப்பி அனுப்பிடுவான்" என்றார். எதையும் இரண்டாக வாங்குகிறவர், பீரோவிலிருந்து இன்னொரு விண்ணப்பத்தை எடுத்தார். "மொதல்ல என்னா எழுதுனியோ அதையே எழுதும்மா."

இயற்பியலுக்குச் சம்மதமா, இல்லை அழித்தது மட்டும்தான் பிடிக்கவில்லையா? கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று கேட்கவில்லை.

இயற்பியல் என்று பேனாவாலேயே எழுதினேன். கையெழுத்துப் போட்டார். தாள் பறக்காமல் இருக்க, இந்தப் புழுக்கத்திலும் ஃபேனை நிறுத்திவிட்டு, மை காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.